கல்லீரல் தேறும்போது சர்க்கரையையும் கவனிப்போம்



ஹெப்பாடைட்டிஸ் சி வைரஸ் 1989ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. கல்லீரலைத் தாக்கும் இந்தக் கிருமி சர்க்கரை நோய்க்கும் வழி திறக்கிறது. இதற்குச் சிகிச்சை பெறும்போது சர்க்கரை என்னவாகிறது என்பதை இந்த இதழில் படிப்போம்.

இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தசைகளுக்குள் சேர்ப்பதும், கல்லீரல் அதை அளவுக்கு மீறி வெளிவிடாமல் தடுப்பதும் இன்சுலினின் வேலை. இந்த வைரஸ் கல்லீரல் செல்களில் இன்சுலினின் கட்டளை செல்லுபடியாகாதபடி செய்கிறது. கணையம் மேலும் மேலும் சுரந்தும் பலன் குறைகிறது. இதையே இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம்.

இதை அளக்க ஒரு கணக்கு உண்டு. வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தின் இன்சுலின் அளவைச் சர்க்கரை அளவால் பெருக்கி, 405ஆல் வகுக்க வேண்டும். இன்சுலின் 15, சர்க்கரை 108 என்றால் விடை 4. இன்சுலின் 9, சர்க்கரை 90 என்றால் விடை 2. விடை கூடினால் எதிர்ப்பும் கூடுதல்.

முன்பெல்லாம் இன்டர்ஃபெரான் ஊசியை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை போட வேண்டியிருந்தது. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களுக்கு அது சரியாகப் பலன் தரவில்லை. 2013இல் சோபோஸ்புவிர் மாத்திரை வந்தபின் நிலைமை மாறியது. இப்போது பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைகளே போதும். 100 பேரில் ஏறக்குறைய 95 பேர் குணமடைகிறார்கள். வைரஸ் நீங்கியபின் பலருக்கு இன்சுலின் எதிர்ப்பும் தணிகிறது. ஆனால் உடல் பருமனோ முற்றிய கல்லீரல் சுருக்கமோ இருந்தால், சர்க்கரை தொடர்ந்து நீடிக்கக்கூடும்.

இங்கேதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். எதிர்ப்பு தணியும்போது, பழைய அளவிலேயே இன்சுலினும் சர்க்கரை மாத்திரையும் எடுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, மயக்கம் ஆகியவை அதன் அறிகுறிகள். நினைவோடு இருப்பவருக்கு உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சிகிச்சை தொடங்கிய நாள் முதல் சர்க்கரையை அடிக்கடி பரிசோதிப்பது அவசியம். மருந்தின் அளவை மருத்துவரே மாற்ற வேண்டும். நாமாகக் குறைப்பதும் நிறுத்துவதும் ஆபத்து.

இந்தியாவில் 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இந்நோய்க்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம். பல ஆண்டுகளுக்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்வது நல்லது. உங்கள் வீட்டாருக்கும் அயலாருக்கும் இதைச் சொல்லுங்கள்.