பழைய மில்லிங் இயந்திரமும் கணிப்பொறியும்

திருவேற்காடு, அம்பத்தூர் வட்டாரத்துச் சிறு பட்டறைகள் சிலவற்றில் மேசை மில்லிங் இயந்திரத்தைச் சி.என்.சி. ஆக மாற்றும் ஆர்வம் காண்கிறோம். 1952-ல் அமெரிக்காவில் காட்டப்பெற்ற முதல் எண்முறை இயந்திரமும் முன்பிருந்த மில்லிங் இயந்திரத்தை மாற்றியமைத்ததேயாம். ஆயினும் மோட்டார் வாங்குமுன் திருகுத் தண்டைச் சோதித்தல் வேண்டும்.

சுற்றுக்கு 200 அடி வைக்கும் மோட்டார், சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்தும் தண்டில் ஓரடிக்கு மேசையை 0.025 மில்லிமீட்டர் நகர்த்தும். தண்டில் 0.2 மில்லிமீட்டர் தளர்ச்சி இருப்பின், திசை மாறுந்தோறும் எட்டு அடிகள் வீண். துளை வட்டமாக வராது, பம்புசெட்டின் பேரிங் அதில் அமராது, நட்டம் உழவருக்கே. ஆதலின் பால் ஸ்குரூ தேவை.

லீனியர் ரெயிலோ, தான் அமரும் தளத்தின் வளைவை அப்படியே வாங்கிக்கொள்ளும். விற்பவர் இதைச் சொல்வது அரிது! தளத்தைச் சமன்செய்து, ஒரு ரெயிலை நேராக இறுக்கி, மற்றதை டயல் கேஜால் அதற்கு இணையாக்கிய பின்னரே மோட்டாரைப் பூட்டுக.