துவைக்கும் நாளை நினைத்துத் தையுங்கள்

வீட்டுத் தையல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வீட்டுக்காரரின் பழைய சட்டைகளைப் பருத்தி எடுக்கப் போகும்போது புடவைக்கு மேல் போட்டுக்கொள்கிறேன். மகன்களின் ஜீன்ஸ் பேண்ட்கள்தான் எதற்கும் உதவாமல் பரணில் கிடக்கின்றன. போர்வை தைக்கலாம் என்கிறார்கள். எத்தனை பேண்ட் தேவைப்படும்?
– வாசகி, வேப்பந்தட்டை

பதில்: பருத்தி புடவையாகக் காய்த்தது என்பார்கள். உங்கள் பரணில் போர்வையாகவே காய்த்துத் தொங்குகிறது! 4 அடிக்கு 6 அடி, ஒருவர் போர்த்தும் அளவு போதும். 7 அங்குலத்தில் ஓர் அட்டை வெட்டி, அதை வைத்துக் கட்டங்களை வெட்டுங்கள். நாலு பக்கமும் அரை அங்குலம் தையலுக்குப் போனால் 6 அங்குலம் நிற்கும். குறுக்கே 8, நீளத்தில் 12 என்று மொத்தம் 96 கட்டங்கள். பெரியவர்கள் பேண்ட் ஒன்றில், முட்டிக் கிழிசலைத் தள்ளி, 12 கட்டங்கள் தேறும். ஆக, 8 பேண்ட்.

‘இரட்டைக் கட்டில் அளவுக்கே தைத்துவிடலாமே’ என்று தோன்றும். வேண்டாம். ஜீன்ஸ் துணி ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 400 கிராம் இருக்கும். இந்தச் சின்னப் போர்வையே அடித்துணியோடு சேர்த்து ஒன்றரைக் கிலோவைத் தாண்டும். தண்ணீரில் முக்கினால் இரண்டு மடங்குக்கு மேல். அதையும் நீங்கள்தானே கல்லில் போட்டுத் துவைத்து, பிழிந்து, கொடியில் ஏற்ற வேண்டும்? துவைக்க முடியாத போர்வை மறுபடி பரணுக்குத்தான் போகும்.

கேள்வி: கால் மிஷினில் தைக்கிறேன். கட்டங்கள் சேரும் மூலையில் ஊசி ‘டக்’கென்று உடைகிறது. ஒரே நாளில் மூன்று ஊசி போய்விட்டது.
– வாசகி, ஜெயங்கொண்டம்

பதில்: ஜாக்கெட் தைக்கும் ஊசியோடு ஜீன்ஸில் இறங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 16 அல்லது 18ஆம் நம்பர் ஊசி போடுங்கள். பாலியஸ்டர் நூல் நல்லது. தையலைச் சற்று நீளமாக, அங்குலத்துக்கு 8 வருமாறு வையுங்கள்.

பேண்டின் காலோரம் மடித்து மடித்து இரட்டைத் தையல் போட்ட இடத்தைக் கட்டத்துக்குள் சேர்க்காதீர்கள், வெட்டி எறியுங்கள். இரண்டு கட்டங்களை இணைத்ததும் தையல் ஓரத்தை இரு பக்கமும் பிளந்து இஸ்திரி போடுங்கள். ஒரே பக்கம் சாய்த்தால் மூலையில் துணி அடுக்கடுக்காகச் சேர்ந்து மேடு கட்டும். அப்படியும் மேடு இருந்தால், துணியைப் பலகையில் வைத்து, சுத்தியலால் நாலு தட்டு தட்டுங்கள், அமுங்கிவிடும். அந்த இடத்தில் காலை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடந்துவிடுங்கள். அவசரப்பட்டால் ஊசி மிஞ்சாது.

கேள்வி: தையல் கடை வைத்திருக்கிறேன். வெட்டுத்துணி மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. ஜீன்ஸோடு கலந்து தைக்கலாமா? நடுவில் பஞ்சு வைக்க வேண்டுமா?
– வாசகர், அரியலூர்

பதில்: கலக்கலாம், ஆனால் சம பலமுள்ளவற்றை மட்டும். ஜீன்ஸுக்குப் பக்கத்தில் ஜாக்கெட் துணியை வைத்தால், முதல் பிழிதலிலேயே கனத்தது இழுக்கும், மெல்லியது கிழியும். பேண்ட் துணி, திரைச்சீலைத் துணி, காக்கி இவை ஜீன்ஸுக்கு ஜோடி. ஜாக்கெட், பாவாடைத் துணிகளைச் சேர்த்துத் தனியாக ஒரு மெல்லிய போர்வை தையுங்கள். இழுத்தால் நீளும் ஸ்ட்ரெட்ச் ஜீன்ஸையும் ஒதுக்குங்கள், கட்டம் கோணிக்கொள்ளும். பருத்தியா, பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலைக் கொளுத்துங்கள். காகிதம் எரிந்த வாசனையும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகி, மணி போல இறுகினால் பாலியஸ்டர்.

பஞ்சு வேண்டாம். நெருக்கமாகத் தைக்காவிட்டால் நாலு தடவை துவைத்ததும் ஒரு மூலையில் போய்த் திரண்டுவிடும். நம் ஊர் மார்கழிக் குளிருக்குக் கீழே ஒரு பழைய லுங்கியே போதும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க மிஷினோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தையில் இடையிடையே முடிச்சுப் போட்டிருப்பார்களே, அதே மாதிரி கட்டங்கள் சேரும் மூலைகளில் கனத்த நூலால் முடிச்சுப் போடுங்கள்.

கேள்வி: தைத்த போர்வையைத் துவைத்தால் நீலம் இறங்கி லுங்கியெல்லாம் கறையாகிவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்குமா?
– வாசகி, குன்னம்

பதில்: நிற்காது. ஜீன்ஸின் நீளவாட்டு நூலில்தான் நீலச் சாயம். குறுக்கு நூல் வெள்ளை; திருப்பிப் பார்த்தாலே தெரியும். அந்த நீலமும் நூலுக்குள் முழுதாக ஊறாமல் மேலோட்டமாகப் படிந்திருக்கும். ஜீன்ஸ் அழகாக வெளுப்பதும் இதனால்தான், பக்கத்துத் துணியில் ஒட்டுவதும் இதனால்தான். உப்பால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. வெட்டுவதற்கு முன்பே பேண்ட்களைத் தனியாக இரண்டு மூன்று தடவை அலசுங்கள். நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நீலம் வந்தால் இன்னொரு அலசு. அடித்துணியையும் கறுப்பு, அடர்நீலம் என்றே எடுங்கள்.

கேள்வி: பேத்திக்கு ஒட்டுத்துணிப் போர்வை தைக்கப் போனேன். ‘பிள்ளைக்குக் கந்தலா?’ என்று சம்பந்தி வீட்டில் முகம் சுளிக்கிறார்கள்.
– வாசகி, செந்துறை

பதில்: சம்பந்தியம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: அவர்கள் பிள்ளைகளுக்குத் தூளி கட்டியது புதுப்புடவையிலா? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன நூல்புடவைதானே பச்சைப்பிள்ளையின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும்!

பழைய துணியில் போர்வை தைப்பது பல ஊர்களின் வழக்கம். வங்காளத்து காந்தா போர்வை பழைய புடவைகளை அடுக்கி நூலோட்டித் தைப்பதுதான். வட கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் ‘கவண்டி’ போர்வை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். மூலைகளில் ‘பூ’ என்று ஒட்டு வைக்காவிட்டால் அது நிறைவு பெறாது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து கீஸ் பெண்ட் என்ற கறுப்பின மக்களின் கிராமத்தில், 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண் இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளைக் கொண்டே போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு போர்த்திக்கொள்வதற்காக. அந்த ஊர்ப் போர்வைகள் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் சம்பந்தி பக்கம்: ஜீன்ஸ் கனம் பிள்ளைக்கு ஆகாது. ஒரு வயது வரை தூங்கும் பிள்ளைமேல் கனத்த போர்வை எதுவும் கூடாது. இப்போதைக்கு உங்கள் பழம்புடவையை நாலாக மடித்து, நூலோட்டி, தரையில் கிடத்தி விளையாட ஒரு விரிப்பாகத் தைத்துக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் ஆறு பேர் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கக் கற்றுக்கொண்டோம். விற்றால் போகுமா? என்ன விலை வைப்பது?
– மகளிர் குழு உறுப்பினர், பெரம்பலூர்

பதில்: பேண்ட் பிரித்துக் கட்டம் வெட்ட எனக்கு அரை நாள் பிடிக்கிறது. இணைத்து, முடிச்சுப் போட்டு, ஓரம் கட்ட இன்னும் இரண்டு நாள். துணி சும்மா கிடைத்தாலும் இரண்டரை நாள் கூலி உண்டே! சந்தையில் கிடைக்கும் மலிவான மிஷின் கம்பளியோடு விலையில் போட்டி போடாதீர்கள். வாடிக்கையாளர் தன் வீட்டுப் பழைய துணியையே கொண்டுவந்து தரட்டும், நீங்கள் கூலிக்குத் தைத்துக் கொடுங்கள். அப்பாவின் பேண்டில் செய்த போர்வைக்கு யாரும் கம்பளி விலையைச் சொல்லிப் பேரம் பேச மாட்டார்கள். மிஞ்சும் துண்டுகளில் காய்கறிப் பை, பைக் சீட் உறை தைக்கலாம்.

ஆனால் முதல் போர்வையை விற்காதீர்கள். ஆறு வீட்டிலும் ஆளுக்கு ஒரு மாதம் போர்த்தி, துவைத்துப் பாருங்கள். எந்தத் தையல் முதலில் பிரிகிறதோ, அங்கேதான் அடுத்த போர்வைக்கான பாடம் இருக்கிறது.