மானாம்பதி கடலுக்குள் போனது எப்படி?

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு துப்பறியும் வேலை!

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ளது மானாம்பதி. அவ்வட்டாரத்து ஏரிக்கரை ஒன்றை யாரோ அளந்து ஒரு தாளில் குறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதற்புள்ளி: 3,58,800, 13,93,200. வேறு குறிப்பு எதுவும் இல்லை. இவை என்ன எண்கள்?

அட்சரேகை 90 பாகைக்கு மேலும், தீர்க்கரேகை 180 பாகைக்கு மேலும் போகா. எனவே இவை பாகைகள் அல்ல. மீட்டர்களாக இருக்கலாமா? நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே போகும்போது, நம் பகுதியில் ஒரு பாகை ஏறத்தாழ 1,10,600 மீட்டர். 13,93,200-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். விடை சுமார் 12.6. உத்திரமேரூர் வட்டாரத்தின் அட்சரேகையும் அதுவே! முதல் துப்பு கிடைத்துவிட்டது.

மற்றோர் எண்ணைக் கவனிப்போம். 'யு.டி.எம்.' என்னும் முறையில் உலகை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரித்துள்ளனர். ஒவ்வொரு மண்டலத்தின் நடுக்கோட்டிற்கும் 5,00,000 மீட்டர் என்று மதிப்பு வைத்துள்ளனர். நம் புள்ளி அக்கோட்டிற்கு 1,41,200 மீட்டர் மேற்கே உள்ளது. அதாவது சுமார் 1.3 பாகை. 44-ஆம் மண்டலத்தின் நடுக்கோடு 81 பாகை, 1.3 போனால் 79.7. சரியாக நம் வட்டாரம்!

ஆனால் 43-ஆம் மண்டலம் என்று எடுத்துக்கொண்டால்? அதன் நடுக்கோடு 75 பாகை. புள்ளி 73.7-இல் விழும். அது அரபிக் கடல்! ஏரி கடலுக்குள் போய்விட்டது. இத்தவறு எளிதில் நேரக்கூடியதே. 78 பாகைக் கோடு தமிழ்நாட்டின் ஊடே செல்வதால் கோயம்புத்தூர் 43-லும் சென்னை 44-லும் உள்ளன.

கடலில் விழுந்த தவறு கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத தவறும் ஒன்று உண்டு. 1802-இல் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் நில அளவையைத் தொடங்கினார். அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட், 1830-இல் பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டார். அது இந்தியப் பகுதிக்குப் பொருந்துமாறு அமைந்தது. அதன் மையம் பூமியின் உண்மையான மையத்தில் இல்லை. ஜி.பி.எஸ். பயன்படுத்தும் 'டபிள்யூ.ஜி.எஸ். 84' வடிவமோ பூமியின் மையத்தையே மையமாகக் கொண்டது. ஆகவே ஒரே அட்சரேகையும் தீர்க்கரேகையும் இவ்விரு முறைகளில் இரு வேறு இடங்களைக் குறிக்கும். நம் பகுதியில் இவ்வேறுபாடு சுமார் 200 மீட்டர். பழைய வரைபடத்தின் ஏரி எல்லையை அப்படியே புதிய படத்தின்மேல் வைத்தால் கரைக்கு வெளியே உள்ள வீடு ஏரிக்குள் இருப்பதாகத் தோன்றும். ஏரிக்குள் உள்ள ஆக்கிரமிப்போ வெளியே இருப்பதாகிவிடும்!

எப்படித் தீர்ப்பது? படத்திலும் தரையிலும் மாறாமல் இருக்கும் சில புள்ளிகளைத் தேர்ந்தெடுங்கள். கோயில் கோபுரம், ஏரி மதகு, சாலைச் சந்திப்பு, எல்லைக்கல் போன்றவை நல்லவை. எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில், ஒரே அளவு விலகியிருந்தால் ஆதார வடிவம் மாறியிருக்கலாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் விலகினால் அளவையிலோ படத்திலோ வேறு பிழை உள்ளது. கணக்கில் சேர்க்காத ஒரு புள்ளியைக் கடைசிச் சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பொருந்தினால்தான் உங்கள் ஊகத்தை நம்பலாம்.

செய்து பாருங்கள்: உலகப்படத்தில் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் இடம் மாற்றி, வடக்கே 79.7, கிழக்கே 12.6 என்ற இடத்தைத் தேடுங்கள். ஆர்க்டிக் பகுதியின் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குப் போய்ச் சேர்வீர்கள். 2008-இல் இந்தியா தொடங்கிய 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையமும் அதே தீவில்தான் உள்ளது!

இனி நீங்கள் எதை அளந்தாலும் எண்களோடு எந்த முறை, எந்த மண்டலம், என்ன அலகு, எந்த நாள் என்பதையும் எழுதி வையுங்கள். ஒரு வரிதான். அந்த வரி இல்லாவிட்டால், பின்னால் வருபவர் ஏரியைக் கடலில் தேட வேண்டியிருக்கும்.