தோட்டத்திலிருந்து தாமானுக்கு

கெடா மாநிலத் தமிழருக்குத் 'தோட்டம்' என்றதும் ரப்பர்த் தோட்டமோ செம்பனைத் தோட்டமோதான் முதலில் நினைவுக்கு வரும். பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரங்களில் பல தலைமுறையினர் அத்தகைய தோட்டங்களில் வாழ்ந்தனர். காலையில் ரப்பர் மரம் சீவிய அதே கைகள், மாலையில் லயத்து வீட்டின் பின்புறம் சொந்தமாக ஒரு சிறு தோட்டத்தையும் வளர்த்தன. முருங்கை, கறிவேப்பிலை, வாழை, செம்பருத்தி, துளசி ஆகியவை அங்கே தழைத்தன. அதற்கு எவரும் வரைபடம் தீட்டவில்லை. எனினும், பாத்திரம் கழுவிய நீர் பாயும் இடத்தில் வாழையும், அடிக்கடி பறிக்கும் கறிவேப்பிலை அடுக்களைக்கு அருகிலும் நின்றன. அனுபவமே அங்கு வடிவமைப்பாளராக இருந்தது.

காலப்போக்கில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தோட்ட மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தனர். மலாய்மொழியில் 'தாமான்' என்பதற்குப் பூங்கா என்றே பொருள். ஆனால், வரிசை வீடுகளின் வாசலில் பெரும்பாலும் சிமெண்டுத் தரையும் சில அடி மண்ணுமே இருந்தன. குறுகிய அந்த இடத்தில் பயனுள்ள தோட்டம் அமைக்க விரும்புவோர் இன்று நிலத்தோற்ற வடிவமைப்பாளரை நாடுகின்றனர்.

நல்ல வடிவமைப்பாளர் செடிகளின் பட்டியலோடு வருவதில்லை, கேள்விகளோடு வருவார். வீட்டில் முதியோரும் குழந்தைகளும் உள்ளனரா? அன்றாடம் தண்ணீர் ஊற்ற யாருக்கு நேரம் உண்டு? எவ்வளவு செலவு செய்ய இயலும்? இவற்றுக்கு வீட்டார் உண்மையான விடை தர வேண்டும். விடை தவறினால் திட்டமும் தவறிவிடும்.

அடுத்து, அவர் நிலத்தை ஆராய்வார். வீடு கட்டும்போது மேல்மண் அகற்றப்பட்டு, இயந்திரங்களால் நிலம் இறுகியிருக்கலாம். அதைக் கொத்திவிட்டு, மட்கிய உரம் கலந்த பிறகே செடி நட வேண்டும். மழைநீர் எத்திசையில் ஓடுகிறது என்பதையும் அவர் கவனிப்பார். நீர் தேங்கினால் வேர் அழுகும். ஏடிஸ் கொசுவும் பெருகும். கெடாவில் ஏறக்குறைய ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை நண்பகல் கதிரவன் சற்று வடக்கேயும், மற்ற மாதங்களில் தெற்கேயும் நிற்கும். ஆகவே, நிழல் விழும் இடமும் ஆண்டு முழுவதும் ஒன்றாக இராது. ஆண்டுத் தொடக்கத்தில் வரும் வறண்ட மாதங்களைத் தாங்கும் செடிகளையும் அவர் தேர்ந்தெடுப்பார்.

பின்னர், வரைபடம் உருவாகும். கருத்து வேறுபாடு எழுவதும் இக்கட்டத்தில்தான். எடுத்துக்காட்டாக, லயத்தில் வாழ்ந்த பாட்டி ஒருவர் வாசலில் முருங்கை வேண்டும் என்று கேட்கலாம். முருங்கைக் கிளை காற்றில் எளிதில் முறியும் என்பதால் வடிவமைப்பாளர் தயங்கலாம். பாட்டியின் விருப்பத்தை ஒதுக்கித் தள்ளுவதும் வடிவமைப்பாளரின் எச்சரிக்கையைப் புறக்கணிப்பதும் தீர்வாகா. கூரையையும் மின்கம்பியையும் விட்டு விலகி, நீர் தேங்காத மூலையில் முருங்கையை நட்டு, அவ்வப்போது கிளையைக் கழித்து உயரத்தைக் கட்டுப்படுத்தலாம். அவ்வாறு பேசி முடிவு செய்தவற்றையும், செலவு, வேலைக்காலம், பராமரிப்பு ஆகிய விவரங்களையும் எழுத்தில் வைத்துக்கொண்டால் பின்னர் மனக்கசப்பு நேராது.

சிறிய வாசலுக்குப் பொருந்தும் இம்முறை பெரிய பூங்காவுக்கும் பொருந்தும். கோலாலம்பூரில் இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள பூங்கா சுமார் 50 ஏக்கர் பரப்புடையது. முன்பு அவ்விடம் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. பூங்காவை வடிவமைத்தவர் பிரேசில் நாட்டைச் சேர்ந்த ரொபெர்த்தோ பர்லே மார்க்ஸ். வெளிநாட்டவராயினும், அவரது திட்டத்தில் இந்நாட்டு மரங்களே மிகுதியாக இடம்பெற்றன. பூங்கா நிறைவடையும் முன்பே, 1994இல் அவர் மறைந்தார். எனினும், தெளிவான திட்டம் இருந்ததால் பணி தொடர்ந்து முடிக்கப்பட்டது.

மலேசியாவில் நிலத்தோற்றக் கலை மதிப்புமிக்க தொழிலாக வளர்ந்துள்ளது. தேசிய நிலத்தோற்றத் துறை 1996இல் தொடங்கப்பட்டது. மலேசியப் புத்ரா பல்கலைக்கழகம், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் இத்துறையைப் பட்டப்படிப்பாகப் பயிலலாம். அறிவியலும் ஓவியமும் ஒருங்கே விரும்பும் மாணவர்களுக்கு இது ஏற்ற துறையாகும்.

வடிவமைப்பாளர் படிப்பால் அறிந்தது ஒருபுறம். லயத்துப் பின்புறத்தில் மண்ணோடு பழகி மூத்தோர் அறிந்தது மறுபுறம். மூத்தோரின் அறிவு பெரும்பாலும் ஏட்டில் எழுதப்படாதது. கேட்டுப் பெறாவிட்டால் அவர்களோடு மறைந்துவிடும். வரைபடம் தீட்டும் முன் வீட்டுப் பெரியோரிடமும் ஒரு வார்த்தை கேட்டால், தாமானின் சிறு வாசலிலும் அந்தப் பழைய தோட்டம் மீண்டும் துளிர்க்கும்.