ஊர் வரலாறு எழுதுவோம்: முதியோர் வாய்மொழியும் பழைய புகைப்படங்களும்

ஓர் ஊருக்கு வரலாறு வேண்டுமானால் அங்கே அரசன் ஆண்டிருக்க வேண்டும், கோட்டை இருந்திருக்க வேண்டும், கல்வெட்டாவது கிடைத்திருக்க வேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கூலி வேலைக்குச் சென்று திரும்பும் மக்கள் வாழும் நகர்ப்புறக் குடியிருப்புக்கு என்ன வரலாறு இருக்கப்போகிறது என்று கேட்பாரும் உளர். மக்கள் கூடி வாழ்ந்த இடம் எதுவாயினும் அதற்கு வரலாறு உண்டு. அதனை எழுதி வைக்கத் தவறினால் நேரும் இழப்பு யாது, எழுதி வைக்கும் முறை யாது என்னும் இரண்டையும் இக்கட்டுரையில் காண்போம்.

கருணாபுரம் தரும் பாடம்

கல்வராயன் மலைக்குக் கிழக்கே அமைந்த கள்ளக்குறிச்சி நகரத்தின் ஒரு பகுதி கருணாபுரம். நாட்கூலியை நம்பி வாழும் குடும்பங்கள் மிகுந்த இடம். 2024 ஜூன் திங்களுக்கு முன்னர் இப்பெயரை வெளியூரார் அறிந்திருக்க வாய்ப்பில்லை. அத்திங்கள் 18, 19 ஆகிய நாட்களில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்துக் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாய் தந்தை இருவரையும் ஒருங்கே இழந்த பிள்ளைகளும் உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கோகுல்தாஸ் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து ஒரு மாணவன் 'கருணாபுரம்' என்னும் பெயரை நூலகத்தில் தேடுவதாகக் கொள்வோம். அவனுக்குக் கிடைப்பவை யாவை? மாண்டோர் தொகை கிடைக்கும். மருத்துவமனைகளின் பெயர் கிடைக்கும். ஆறுதல் கூற வந்த தலைவர்களின் படங்கள் கிடைக்கும். வரிசையாக எரிந்த சிதைகளின் படமும் கிடைக்கும். அங்கே முதல் குடிசை போட்டவர் யார், குடிநீர் எங்கிருந்து வந்தது, அத்தெருவிலிருந்து முதன்முதலில் பள்ளி இறுதி வகுப்பை எட்டியவர் யார், எந்த வேலைக்கு எவ்வூருக்குச் சென்றார்கள், திருமணத்துக்கு யார் மேளம் வாசித்தார்கள் என்பவற்றுள் ஒன்றும் நாளேட்டில் கிடைக்காது. பல பத்தாண்டு வாழ்வு மறைந்து, இரண்டு நாள் சாவு மட்டுமே அவ்வூரின் வரலாறாக நின்றுவிடும். மாண்டோரின் பேரப்பிள்ளைகள் தங்கள் முன்னோரை அந்தச் செய்தியின் வாயிலாக மட்டுமே அறிய நேர்ந்தால், அது அவர்களுக்கு இழைக்கப்படும் இரண்டாவது அநீதியன்றோ?

இதற்கு மாற்று உண்டு. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு போபால் நகரில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. முப்பது ஆண்டுகள் நிறைந்த 2014இல், 'போபாலை நினைவு கொள்க' என்னும் பொருள்படும் பெயரோடு ஓர் அருங்காட்சியகம் அந்நகரில் திறக்கப்பட்டது. மாண்டோரின் உடைகளும் அன்றாடப் பொருள்களும் புகைப்படங்களும் அங்கே வைக்கப்பட்டன. சுவரில் மாட்டிய பழைய தொலைபேசியைக் கையில் எடுத்தால், அப்பொருளுக்கு உரியவரின் உறவினர் பேசும் குரல் கேட்கும். பாதிக்கப்பட்ட மக்களே தங்கள் வரலாற்றைச் சொன்னார்கள். செய்தித்தாளில் வெறும் எண்ணிக்கையாக இருந்தவர்கள் அங்கே மீண்டும் பெயரும் முகமும் உடைய மனிதர் ஆனார்கள்.

ஓலை சொல்லாததை வாய்மொழி சொல்லும்

கேட்டறிதல் தமிழருக்குப் புதியதன்று. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்தபோது ஏட்டுச்சுவடிகள் மட்டும் அவருக்குப் போதவில்லை. சமண சமயச் சொற்களின் பொருளும் வழக்கங்களும் விளங்காமல் இடர்ப்பட்டார். அப்போது கும்பகோணத்தில் வாழ்ந்த சந்திரநாத செட்டியார் முதலிய நம் சமுதாயத்தாரை அணுகினார். சிந்தாமணியை வழிவழியாகப் படித்தும் கேட்டும் வந்த இல்லறத்தார் அவர்கள். பலமுறை சென்று கேட்டுக் குறித்துக்கொண்டு, 1887இல் அந்நூலை அச்சிட்டு வெளியிட்டார். வீட்டில் இருந்த பெரியவர்கள் வாய் திறந்து சொன்னதாலும், கேட்டவர் பொறுமையோடு கேட்டதாலும் ஒரு காப்பியத்தின் பொருள் காப்பாற்றப்பட்டது. அப்பெரியவர்கள் மறைந்தபின் அவர் சென்றிருந்தால் யாரிடம் கேட்டிருப்பார்?

கல்வெட்டுக்கும் இதே குறை உண்டு. கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், நம் திருநறுங்கொண்டை உள்ளது. அப்பாண்டைநாதர் எழுந்தருளிய அம்மலைக் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. கொடை கொடுத்தவர் பெயரைக் கல் சொல்லும். நாள்தோறும் மலையேறித் தண்ணீர் சுமந்தவர் பெயரைக் கல் சொல்வதில்லை. அதனை அவ்வூர்க் குடும்பங்களின் நினைவிலிருந்துதான் பெற முடியும்.

முதலில் ஆவணம் தேடுக

முதியவரிடம் செல்லுமுன் கிடைக்கும் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கள்ளக்குறிச்சியில் ஒரே வீட்டில் வாழ்ந்துவரும் முதியவர் மூன்று மாவட்டங்களில் வாழ்ந்தவர் ஆகிறார். 1993 வரை அது தென்னார்க்காடு மாவட்டம். பின்னர் விழுப்புரம் மாவட்டம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டம். ஆதலால் பழைய பதிவுகளை மூன்று பெயர்களிலும் தேட வேண்டும். டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் அன்றைய கள்ளக்குறிச்சி வட்டமும் கல்வராயன் மலையும் பேசப்படுகின்றன. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, வாக்காளர் பட்டியல், மனைப்பட்டா, பழைய குடும்ப அட்டை, திருமண அழைப்பிதழ் ஆகிய யாவும் ஆவணங்களே.

கேட்கும் முறை

1. யாரைக் கேட்பது? ஊர்த் தலைவரையும் படித்தவரையும் மட்டும் கேட்டு நிறுத்துதல் கூடாது. திருமணமாகி வந்த பெண்கள் வேற்றூர்க் கண்ணோடு இவ்வூரைக் கண்டவர்கள். பிறந்தது முதல் இங்கேயே இருப்பவர் கவனியாதவற்றை அவர்கள் கவனித்திருப்பார்கள். தையற்காரர், சலவைத் தொழிலாளர், தேநீர்க் கடைக்காரர், சத்துணவுக் கூடத்து ஆயா, புகைப்பட ஸ்டூடியோ வைத்திருந்தவர் ஆகியோர் தெரு முழுவதையும் அறிந்தவர்கள்.

2. எதைக் கேட்பது? "அக்காலத்தில் வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றே விடை வரும். "காலையில் எழுந்ததும் தண்ணீருக்கு எங்கே போவீர்கள்? எத்தனை குடம்? யார் உடன் வருவார்கள்?" என்று கேட்டால் ஒரு காலமே கண்முன் விரியும். ஒரு தாளைக் கொடுத்துப் பழைய தெருவை வரையச் சொல்லலாம்; வீடு வீடாகப் பெயர் சொல்லும்போது மறந்தவையும் நினைவுக்கு வரும்.

3. ஆண்டு எவ்வாறு அறிவது? முதியோர் ஆண்டு எண்ணை நினைவில் வைப்பதில்லை, நிகழ்ச்சியை வைத்திருப்பார்கள். "சத்துணவுத் திட்டம் வந்த பிறகா, முன்பா?" என்றால் 1982 தெளிவாகும். "எம்.ஜி.ஆர். மறைந்தபோது இந்த வீடு இருந்ததா?" என்றால் 1987 டிசம்பர் தெளிவாகும். மாவட்டம் பிரிந்ததும், வீட்டில் மின்விளக்கு வந்ததும் இவ்வாறே உதவும்.

4. முரண்பட்டால்? இருவர் ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறாகச் சொல்லக்கூடும். ஒருவர் சொல்லைப் பொய்யென்று தள்ளாது இரண்டையும் அவரவர் பெயரோடு எழுதுக. நோக்கும் இடம் வேறுபட்டால் காட்சியும் வேறுபடும் என்பது அநேகாந்தம் கற்ற நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று. எது ஆவணத்தோடு பொருந்துகிறது என்பதைத் தனியே குறிப்பிடலாம்.

5. எவ்வாறு பதிவது? இன்று கைப்பேசியே ஒலிப்பதிவுக் கருவி. மின்விசிறியை நிறுத்தி, தொலைக்காட்சியை அணைத்து, கருவியை அவர் அருகே வைத்தல் போதும். தொடக்கத்தில் நாள், இடம், இருவர் பெயர் ஆகியவற்றை உரக்கச் சொல்லிப் பதிவு செய்க. அவர் பேசாது இருக்கும் பொழுது நாமும் பேசாதிருக்கப் பழக வேண்டும். அடுத்து வருவதே பெரும்பாலும் முக்கியமான செய்தியாக இருக்கும். எழுத்தில் வடிக்கும்போது அவர் பேச்சு வழக்கை நம் நடைக்கு மாற்றலாகாது.

புகைப்படங்கள்

பெயர் எழுதப்படாத புகைப்படம் ஒரு தலைமுறைக்குப் பின் வெறும் காகிதம் ஆகிவிடும். படத்தில் இருப்போர் யார், எந்த இடம், ஏறத்தாழ எந்த ஆண்டு, எடுத்தவர் யார், இவ்விவரத்தைச் சொன்னவர் யார் என்னும் ஐந்தையும் எழுதுக. படத்தின் பின்புறம் மை பேனாவால் எழுதினால் முன்புறம் ஊறிவிடும். மெல்லிய பென்சிலால் ஓரத்தில் எண் மட்டும் இட்டு, விவரத்தை ஒரு குறிப்பேட்டில் எழுதுவதே நன்று.

பசைத்தாள் உள்ள ஆல்பங்கள் படத்தைக் கெடுக்கும். ஆயினும் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்து எடுத்தல் கூடாது. ஆல்பத்தோடு வைத்தே நகல் எடுக்கலாம். நகல் எடுக்கும் கருவியில் அங்குலத்துக்கு 600 புள்ளி என்னும் அளவு ஏற்றது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் குறைந்துவிடும், கோப்பாக அனுப்புக. ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று படிகள் வைத்து, ஒன்றையேனும் வேற்றூரில் வைக்க வேண்டும். கைப்பேசி தொலைந்ததால் ஓர் ஊரின் நினைவு தொலைந்தது என்னும் நிலை வரக்கூடாது. இரவல் வாங்கிய படத்தைச் சொன்ன நாளில் திருப்பித் தருதல் இப்பணியின் முதல் ஒழுக்கம்.

இத்தகைய எளிய குடும்பப் படங்களின் அருமையை ஆய்வுலகமும் உணர்ந்துள்ளது. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் முதலில் கோயில்களையும் சிற்பங்களையும் படமெடுத்துத் தொகுத்தது. அண்மைக் காலத்தில் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களையும் தேடி நகலெடுத்தது. திரைச்சீலை முன் நின்ற மணமக்களும், நாற்காலியில் அமர்ந்த பாட்டியும் வரலாற்றுச் சான்றுகள் ஆயினர்.

துயருற்ற வீட்டில்

கருணாபுரம் போன்ற இடத்தில் இப்பணியைச் செய்வோர் மிகுந்த கவனத்தோடு இருத்தல் வேண்டும். சாவைப் பற்றிய கேள்வியோடு வீட்டுக்குள் நுழைதல் தகாது. கணவரை இழந்த பெண்ணிடம் அவர் எந்தப் பாட்டை விரும்பினார், எந்தக் கறியைக் கேட்டுச் சமைக்கச் சொல்வார் என்று கேட்கலாம். அந்த இரவைப் பற்றி அவரே சொன்னால் கேட்போம், சொல்லாவிடில் வற்புறுத்தோம். குற்றம் யாருடையது என்பதை ஆராய்வது நீதிமன்றத்தின் பணி. குடித்தவர் தவறு என்று தீர்ப்புக் கூறும் மனத்தோடு செல்பவர் போகாமலிருப்பதே நன்று. மதுவை விலக்கிய குடியில் பிறந்த நமக்கு இவ்வெச்சரிக்கை மற்றவரினும் மிகுதியாக வேண்டும். சொல்லாலும் துன்பம் செய்யாமையே அகிம்சை.

சொன்னவர் பின்னொரு நாள் "என் பேச்சை வெளியிட வேண்டா" என்றால் அதற்கு இணங்க வேண்டும். தொகுப்பு நிறைவுற்றதும் அதன் ஒரு படியை அத்தெருவினரிடமே ஒப்படைக்க வேண்டும். அது அவர்களுடைய சொத்து.

நம் வீட்டிலிருந்து தொடங்குவோம்

மேல்சித்தாமூர், வீடூர், பெருமண்டூர் போன்ற ஊர்களை விட்டு நம் குடும்பங்கள் பல சென்னைப் புறநகர்களுக்கும் அதற்கு அப்பாலும் சென்றுவிட்டன. ஊரில் பூட்டிய வீட்டுச் சுவரில் தாத்தாவின் படம் கரையான் அரிக்கத் தொங்குகிறது. புறநகரில் பத்துக் குடும்பங்கள் கூடி வாடகை இடத்தில் முதல் பூசை செய்த நாளும் யாராலும் எழுதப்படவில்லை. அந்நாளைக் கண்டவர்கள் இன்று முதுமை எய்திவிட்டார்கள்.

ஆகவே அன்பர்களே, அடுத்த இதழ் வருமுன் ஒவ்வொரு இல்லத்திலும் இரண்டு செயல்களைச் செய்வோம். வீட்டிலுள்ள மிக மூத்தவர் அருகே அமர்ந்து ஒரு மணி நேரம் அவர் பேச்சைப் பதிவு செய்வோம். அவரையே துணையாகக் கொண்டு பத்துப் பழைய படங்களுக்குப் பெயர் எழுதுவோம். பிள்ளைகளை உடன் அமர்த்திக்கொள்வோம். கேட்கும் பழக்கம் அவர்களுக்கும் வரட்டும். பின்னர் அடுத்த தெருவுக்கும், நம்மவர் அல்லாதார் வாழும் தெருவுக்கும் இக்கலையைக் கொண்டு செல்வோம். கருணாபுரத்துப் பிள்ளை ஒருவன் தன் பாட்டன் எவ்வாறு வாழ்ந்தான் என்பதைப் படித்தறியும் நாள் வருமானால், அந்நற்பணியில் நமக்கும் ஒரு பங்கு இருக்கட்டும்.