மருந்தா, நஞ்சா? – வாய்க்கால் மீன் கற்றுத் தந்த பாடம்

மாகறல் செய்யாற்றங்கரை ஊர். நெல்தான் எங்கள் பிழைப்பு. சென்ற சம்பா பருவத்தில் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டான்: “சார், வாய்க்கால்ல கெண்டைக் குஞ்செல்லாம் மிதக்குது. பயிருக்கு அடிச்சது மருந்துதானே, மீன் ஏன் சார் சாவுது?”

அன்று சுவாச மண்டலப் பாடம். அவன் கேள்வியையே பாடமாக்கினேன். கடையில் வாங்கிய மீன் ஒன்றின் செவுள் மூடியைத் தூக்கிக் காட்டினேன். சீப்பின் பற்கள் போன்ற சிவந்த இழைகளைக் கைலென்சில் பார்த்தார்கள். அந்த மெல்லிய படலம் வழியாகவே ஆக்சிஜன் இரத்தத்தில் சேர்கிறது. நீரில் கலந்த நஞ்சும் முதலில் அங்கேதான் படுகிறது. படலம் வீங்கித் தடித்தால் ஆக்சிஜன் நுழைவது குறைகிறது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

உள்ளே சென்ற நஞ்சை முறிக்கும் வேலை கல்லீரலுடையது. அளவு மீறினால் அதன் செல்களே அழிகின்றன. கழிவை வடிகட்டும் சிறுநீரகமும் பழுதாகிறது. மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற கரிம பாஸ்பரஸ் வகைகள் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியைத் தடுக்கின்றன. இதனால் நரம்புச் செய்தி நிற்காமல் தொடர்ந்து, மீன் துடித்துத் தடுமாறுகிறது. இதே நொதி நம் உடலிலும் உண்டு என்றதும் வகுப்பு அமைதியானது.

மீனுக்குக் கொடிய நஞ்சான எண்டோசல்பானை உச்ச நீதிமன்றம் 2011இல் தடை செய்ததையும் சொன்னேன். ஒன்றைத் தடை செய்தாலும் வேறொன்று வயலுக்கு வந்துவிடுகிறது. மிதக்கும் மீன் நம் கண்ணில் படுகிறது. செவுளும் கல்லீரலும் கெட்டு நீந்திக்கொண்டிருக்கும் மீன் படுவதில்லை. அதுவே குழம்புக்கும் வருகிறது.

ஆசிரியர்களுக்கு இரண்டு வேண்டுகோள். உயிருள்ள மீனில் நஞ்சைச் சோதித்துக் காட்ட வேண்டாம். கடை மீனே போதும். செத்து மிதக்கும் மீனைத் தொடவோ சமைக்கவோ கூடாது என்று குழந்தைகளிடம் உறுதியாகச் சொல்லுங்கள்.

மறுவாரம் அந்த மாணவன் வந்தான். “சார், அப்பா டின்னை வாய்க்கால்ல கழுவப் போனாரு. நான் வேணாம்னேன். கழுவின தண்ணிய ஸ்பிரேயர்லயே ஊத்தி வயலுக்கே அடிச்சிட்டாரு.”

எங்கள் வகுப்பில் இப்போது யாரும் ‘மருந்து’ என்பதில்லை; ‘பூச்சிக்கொல்லி’ என்றே சொல்கிறோம்.