வாயைத் திறக்கும் என்பு

தலையோட்டில் நாம் விரும்பியபடி அசைக்கக்கூடிய என்பு ஒன்றே. அது கீழ்த்தாடை. பிறக்கும்போது இரண்டு பாதிகளாக இருக்கும் அது, முதலாம் வயதுக்குள் நாடியில் ஒன்றாகப் பொருந்திவிடுகிறது. லாடம்போல் வளைந்த அதன் உடற்பகுதியில், வளர்ந்தவர்களுக்கு 16 பற்கள் வரை பதிந்திருக்கும். இரு முனைகளும் காதை நோக்கி மேலெழுந்து, ஒவ்வொன்றும் இரண்டு முளைகளாக முடிகின்றன. தட்டையான முன்முளையைத் தசை பற்றுகிறது. உருண்ட பின்முளை தலையோட்டுடன் மூட்டாக இணைகிறது.

மாணவிகளே, காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து பாருங்கள். விரலுக்கடியில் நகர்வது அந்தப் பின்முளைதான். பற்களை இறுகக் கடித்தால் கன்னத்தில் திரள்வது மசற்றர் தசை. அது கன்ன என்பிலிருந்து இறங்கித் தாடை மூலையின் வெளிப்புறத்தைப் பற்றுகிறது. நெற்றிப்பொட்டில் அசைவது ரெம்பொராலிஸ் தசை. விசிறிபோல் விரிந்த அது, ஒடுங்கி முன்முளையில் முடிகிறது. தாடை மூலையின் உட்புறத்தில் இருப்பது உள் தெரிகோயிட் தசை.

இம்மூன்றும் வாயை மூடுவன. வெளித் தெரிகோயிட் தசையோ பின்முளையின் கழுத்தை முன்னே இழுத்து வாயைத் திறக்க உதவுகிறது. நாடியின் உட்புறத்திலிருந்து தொண்டைப் பக்கம் செல்லும் சிறு தசைகளும் அதற்குத் துணை. மூடும் தசைகள் வலியவை, திறக்கும் தசைகள் மெலியவை. எனவே, இடையில் ஏதேனும் இறுகினால் வாயைத் திறப்பதே முதலில் கடினமாகும்.

அந்த இறுக்கத்தைத் தருவது பாக்கு. நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் களைப்பும் குளிரும் தெரியாமலிருக்க வெற்றிலை போடுவோர் பலர். பாக்கை நெடுநாள் மென்றால் கன்னத்தின் உட்சவ்வுக்கடியில் நார் இழையம் தடித்துவிடும். காரம் எரியும், பின் வாய் சிறுகச் சிறுக ஒடுங்கும். இந்நிலை புற்றுநோயாகவும் மாறலாம். புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் உறுதிசெய்தது.

பெற்றோரே, உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி முன்பற்களுக்கிடையே வைத்துப் பாருங்கள். அவை நுழையாவிட்டால், அல்லது வெள்ளை, சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால், அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பேராதனை பல் போதனா வைத்தியசாலையும் நமக்குத் தொலைவில் இல்லை. இறுகிய நார் தானாக இளகாது. ஆனால் பாக்கை இன்றே நிறுத்தலாம்.

உண்ணவும் ஓதவும் ஸலாம் சொல்லவும் அல்லாஹ் தந்த அமானிதம் இந்த வாய். வீட்டில் வெற்றிலை போடும் மூத்தவர்களிடம் இந்தப் பாடத்தை மரியாதையோடு எடுத்துச் சொல்வோம்.